முதுகைக் காட்டிய ஃப்ரிட்ஜ்கள்

காலை ஒன்பது நாற்பது. நாங்கள் கடை திறந்த முதல் நாள். ஷட்டர் பாதி ஏறியபோது, எதிர்க்கடை வாசலில் ஒருவர் ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பி முடித்ததும் அதன் கதவு சுவரைப் பார்த்தது. கறுத்த கம்பிகளும் கம்ப்ரசரும் துருவும் கொண்ட முதுகு தெருவைப் பார்த்தது. பக்கத்தில் இன்னும் சில ஃப்ரிட்ஜ்கள் அதேபோல முதுகைக் காட்டி நின்றன. லாரியில் ஏற்றத் தயாராக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மாலை வரை லாரி எதுவும் வரவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்பது எங்கள் தொழில். அவர் தொழிலும் அதுவே. தெருவில் எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். என் கணவர் ஒரு கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தவர். நான் ஒரு பத்திரிகையின் புறநகர்ப் பக்கங்களுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவள். அந்தப் பக்கங்கள் நிறுத்தப்பட்டதும் இந்தக் கடையைப் போட்டோம். அவர் சரிசெய்வார், நான் பேசி விற்பேன் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள், பெருங்களத்தூர் அடுக்குமாடிகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், படப்பையைத் தாண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளியூர் ஆட்கள். மூன்று வகையினருக்கும் நேரம் கிடையாது. பளபளப்பாக இருந்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் நாங்கள் கதவுகளைத் துடைத்துத் துடைத்து முன்னால் வைத்தோம்.

பாய்க்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருப்பார். கட்டம் போட்ட லுங்கி. காதில் பென்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் சாக்பீஸ். ஒரு மெஷினைப் பிரித்துப் பார்த்து முடித்ததும் அந்தச் சாக்பீஸை எடுத்து, தெருவைப் பார்க்கும் பக்கத்திலேயே அதன் குறையை எழுதுவார். ‘சத்தம் வரும்.’ ‘டோர் சரியாக மூடாது.’ ‘வெள்ளத்தில் நின்றது.’

கடைசியாகச் சொன்னதை விளக்க வேண்டும். பெருமழைக்குப் பிறகு முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் வடியும் வாரங்களில், மூழ்கிய மெஷின்கள் மலிவாக எங்கள் மாதிரிக் கடைகளுக்கு வரும். சேற்றைக் கழுவி, மோட்டாரை மாற்றி, அடித்தகட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் எந்தத் தண்ணீரும் தெரியாது. நாங்களும் அதைச் செய்தோம். அவை நன்றாகவே ஓடின. வெள்ளத்தில் நின்றதா என்று கேட்டவர்களிடம் நான் இல்லை என்று சொன்னது கிடையாது. கேட்காதவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

பாய் அவற்றைத்தான் வாசலில் முதல் வரிசையில் நிறுத்துவார். ஒருநாள் ஓர் ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்காமலேயே விசாரித்தது எங்கள் கடை வரை கேட்டது.

“இன்னா பாய், இதுக்கு இன்னா கேடு?”

“சத்தம் போடும். ராத்திரில தூக்கம் போகும்.”

“வேற?”

“வெள்ளத்துல இடுப்பளவு நின்னது. மோட்டார் மாத்திட்டேன். அடித்தகடு ரொம்ப நாள் தாங்காது.”

“யோவ், விக்கிறியா, பயமுறுத்திகினு கீறியா?”

“ரெண்டும்தான். பயந்து வாங்கினவன் திரும்பி வந்து சண்ட போட மாட்டான்.”

“அல்லா மேல சத்தியமா ஓடும்னு ஒரு வார்த்த சொல்லு. எடுத்துகினு போயிடறேன்.”

“சத்தியம் பண்ணி விக்கறதில்லப்பா. சரக்கு போயிடும், கூடவே அல்லா குடுக்கற பரக்கத்தும் போயிடும். ப்ளக்க மாட்டித் தர்றேன், நீயே கேளு.”

ஆட்டோக்காரர் இறங்கிப் போய், அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். வாங்கிக்கொண்டு போனார்.

காரணத்தை என் கணவர்தான் தெரிந்துகொண்டு வந்தார். மாலையில் இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். நபிகள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டாராம். உள்ளே ஈரம். என்ன இது என்று வியாபாரியைக் கேட்டாராம். மழையில் நனைந்துவிட்டது என்றாராம் அவர். அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டாராம் நபிகள். “அதத்தான் நான் பண்றேன் தம்பி. தானியத்துக்குப் பதிலா ஃப்ரிட்ஜு, அவ்ளோதான்” என்று பாய் சொன்னதாக என் கணவர் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வேலை பார்த்த பத்திரிகையில் பிழை நேர்ந்தால் திருத்தம் போடுவோம். உள்பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில். இந்த மனிதர் திருத்தத்தைத் தலைப்புச் செய்தியாகப் போட்டுக்கொண்டிருந்தார். வாசகர்களும் அவர் பக்கமே இருந்தார்கள்.

ஆனாலும் பொறாமை உடனே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம்தான் வந்தது.

ஜும்மாவுக்குப் போகும்போது பாய் ஷட்டரை இறக்க மாட்டார். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டு, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். அன்று ஒரு கணவனும் மனைவியும், கையில் குழந்தையோடு, அந்த நாற்காலிக்கு எதிரில் வெயிலில் நின்றிருந்தார்கள். நான் தெருவைக் கடந்து போய்ச் சொன்னேன்.

“நம்ம கடையிலயும் பாருங்களேன். உள்ள ஃபேன் இருக்கு, குழந்தையோட உக்காரலாம்.”

“பரவால்லக்கா” என்றாள் அந்தப் பெண். “பாய் வந்துடட்டும்.”

“தொழுகை முடிய நேரம் ஆகும்.”

“ஆகட்டும்க்கா. எங்க மாமியார் அவர்கிட்டதான் வாங்கச் சொல்லியிருக்காங்க.”

குழந்தைக்கு மட்டும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

செய்தியாளராக இருந்தபோது ஒருவரைப் பற்றி ஊர் முழுக்க நல்லதாகவே பேசினால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று தேடப் போவேன். பாய் விஷயத்திலும் தேடினேன். என் சித்தி மகன் பொத்தேரியில் படித்துக்கொண்டிருந்தான். அவனை மாணவர்களோடு மாணவனாக அனுப்பி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் பார்க்கச் சொன்னேன். பேரம் முடிகிற நேரத்தில், அப்பாவிடம் காட்ட பில்லில் தொகையைக் கூட்டிப் போட்டுத் தருமாறு கேட்கச் சொன்னேன். மாணவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான். கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

அவன் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“என்னடா சொன்னாரு?”

“அப்பா நம்பரக் குடுன்னாருக்கா.”

“குடுத்தியா?”

“ஓடி வந்துட்டேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். “ஆனா ஃப்ரிட்ஜு நல்லா இருக்குக்கா. சாயந்தரம் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

நான் அனுப்பிய உளவாளி அவருடைய வாடிக்கையாளன் ஆனான்.

புனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரிடம் குறையை மறைத்து மெஷின் விற்க வந்தவர்களை அவர் திட்டுவது சாலை முனை வரை கேட்கும். டீக்கடைக்காரரிடம், “இன்னிக்கு டீ இல்லப்பா, கிளாஸ் கழுவின தண்ணி” என்று மற்றவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்வார். என்னிடம் ஒருநாள், நான் வாடிக்கையாளர் ஒருவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: “நீ ரொம்ப வேகமாப் பேசற தங்கச்சி. வழியில எதையோ தாண்டிக் குதிக்கிற மாதிரி இருக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று முழுக்க நான் மெதுவாகப் பேசினேன். அதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது.

ஒரு ரமலான் மாதத்தில் அவர் மனைவி எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். தூக்கை இறக்கி வைத்துவிட்டு, கடையைச் சுற்றிப் பார்த்தார். அந்த அம்மாவிடமிருந்து ஏதாவது கிடைக்குமா என்று பேச்சுக் கொடுத்தேன்.

“பாய் வீட்லயும் இப்படித்தானா?”

“கடைல மெஷினுக்குச் சொல்றாரு. வீட்ல மனுஷாளுக்குச் சொல்றாரு” என்றார் அவர். “பொண்ணு பாக்க வந்தாங்கம்மா. நல்ல குடும்பம். மாப்ள பல்லாவரத்துல சொந்தமா கடை வச்சிருக்கு. எல்லாம் பேசி முடிச்சு, நிச்சயம் பண்ண பாத்தியா ஓதப் போற நேரம். இவரு எந்திரிச்சு, ஒரு விஷயம் சொல்லணும், எம் பொண்ணுக்குக் கோவம் வரும், ஒரு தடவ மிக்சியத் தூக்கிப் போட்டு ஒடச்சிருக்கா, அப்டின்றாரு.”

“அய்யோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன? எழுந்து போயிட்டாங்க.”

“பொண்ணு?”

“அவளா? இன்னொரு மிக்சி போச்சு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போகும்போது, “அந்தப் பையன் நல்ல பையன்மா” என்று தூக்கை எடுத்துக்கொண்டு போனார். பாயைப் பற்றி நான் தேடிய ஓட்டை இதுதானோ என்று அன்று தோன்றியது. ஆனால் அதை ஓட்டை என்று எந்தப் பத்திரிகையும் போடாது.

அதற்குள் அவருடைய பழக்கம் எங்கள் கடைக்குள்ளும் வந்துவிட்டது. நான் ஒரு வாஷிங் மெஷினின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு எட்டிப் பார்த்து, “மேடம், ட்ரையர் கொஞ்சம் ஆட்டம் குடுக்கும்” என்பார். மேடம் போய்விடுவார்.

“உங்கள யாரு கேட்டா?”

“பாய் சொல்றது கரெக்ட்தானே. அவங்க வீட்ல போய் ஆடும்போது நம்மளத்தானே திட்டுவாங்க?”

“அப்ப அங்கயே போய் வேலை பாருங்க.”

அவர் அதை யோசித்துப் பார்ப்பதுபோல் எதிர்க்கடையைப் பார்த்தார். திருமணமான நாளிலிருந்து அதுவரை என் பேச்சில் அவர் குறை கண்டதில்லை.

அந்தக் கோடையில் கட்டட ஓனர் வந்தார். தெருவின் இரண்டு பக்கக் கடைகளும் அவருடையவை. அவர் அப்பா கத்திரியும் வெண்டையும் போட்ட நிலம். எங்கள் வாசலில் நின்றுகொண்டே பாய்க்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“நான் இன்னாம்மா பண்றது? ரோடு பெரிசாயிகினு கீது, எல்லாரும் வாடக ஏத்திகினு கீறாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள புது அக்ரிமென்ட்ல கையெழுத்து வேணும். முடியலன்னா சொல்லிடு, ஆள் ரெடியா கீது. பாய், உனக்கும் அதே கததான்.”

அவர் கேட்ட வாடகையை எங்களால் கட்ட முடியாது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் முடியும். பாயின் நிலைமையும் அதுதான் என்று என் கணவர் டீக்கடையிலிருந்து செய்தி கொண்டுவந்தார்.

ஆர்டர் வந்தது. பொத்தேரியில் பெண்கள் ஹாஸ்டல் நடத்தும் ஓர் அம்மா, கல்லூரி திறப்பதற்குள் எல்லா மாடிகளுக்கும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். விலை பேசினோம். “வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்று போனார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை இருக்கும், இல்லாவிட்டால் கிடையாது. நான் வேறு எதையும் நினைக்காமல் காத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். வந்தது எதிர்க்கடைக்கு.

பாய் கடையை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ்கள் நின்றன. அவர்கள் கண்ணுக்கு நான் தெரியவில்லை. பாய் அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார். அவர் வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“எதிர்க்கடைல பேசிட்டிருக்கீங்க இல்லம்மா?”

“ஆமா. இங்கயும் ரேட் கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்.”

“அங்க வேணாம்னு சொல்லிட்டீங்களா?”

“அப்படி ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நான் வெல சொல்லக் கூடாது.”

“ஏன் பாய்?”

“ஒருத்தர் பேசிட்டிருக்கற வியாபாரத்துல இன்னொருத்தர் குறுக்க பூரக் கூடாதுன்னு எங்க மார்க்கத்துல இருக்கு. அங்க வேணாம்னு முடிச்சிட்டு வாங்க. அப்புறம் எல்லாம் காட்டறேன்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “வீடு தேடி வர்ற வியாபாரத்த இப்படித் தள்ளி விடுறீங்களே. சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க சரக்கு நல்லதா?”

ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. பாய்க்கும் வாடகை கட்ட வேண்டும். ஒரு ‘ம்ஹூம்’ போதும்.

“நல்ல சரக்கு. அந்தத் தம்பி கை சுத்தமான கை, என்னோடதவிட நல்ல வேலை” என்றார். அந்த அம்மா எழுந்துகொண்டார். பாய் நிறுத்தினார். “கேட்டுட்டீங்க, அதனால சொல்லணும். சுவரோரமா இருக்கற நீல மெஷினுங்க மட்டும் வெள்ளத்துல நின்னது. அவங்களையே கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க.”

அந்த அம்மா தெருவைக் கடப்பதற்குள் நான் கடைக்குள் வந்துவிட்டேன்.

“இந்த நீல மெஷினெல்லாம் வெள்ளத்துல நின்னதா?”

என் கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். “ஆமா மேடம்.”

“சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கல.”

“கேட்டா சொல்லுவீங்கன்னு பாயும் சொன்னார்” என்றார் அவர். நீல மெஷின்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். முன்பணம் கொடுக்கும்போது, “உங்க பேச்சக் கேட்டப்ப யோசனையாத்தான் இருந்தது. அவர் சொன்னதாலதான் எடுக்கறேன்” என்றார்.

கடை பிழைத்தது. என் கணவர் உடனே எதிர்க்கடைக்குப் போய்ப் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் போகவில்லை. பாய் என்னைப் பற்றி உண்மைக்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்மேல் சொல்ல எனக்கும் ஒரு குறை கிடைத்திருக்கும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பத்திரிகையில் இருந்த வருடங்களில் நான் எழுதிய எந்த வரியையும் அவ்வளவு சரியாக எழுதியதில்லை.

சில நாள் கழித்து, தெருவில் யாரும் இல்லாத ஒரு மதியத்தில் போய்க் கேட்டேன்.

“உங்களுக்கும் வாடகை கட்டணும் இல்ல பாய்?”

“கட்டணும்.”

“அந்த ஆர்டர் வந்திருந்தா கட்டியிருக்கலாம்.”

“கட்டியிருக்கலாம்.”

“அப்புறம் ஏன்?”

“நீ பேசிட்டிருந்தியேம்மா” என்றார், நான் புரியாத கேள்வி கேட்டதுபோல.

“உங்க இடத்துல நான் இருந்தா விட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும்.” சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். “டீ சொல்லட்டுமா?”

ஆடி பிறப்பதற்கு முன் நாங்கள் புது அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டோம். பாய் போடவில்லை. படப்பையில் வாடகை குறைவு என்று அங்கே ஓர் இடம் பார்த்திருந்தார். அவர் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில், கட்டட ஓனர் ஒரு மொபைல் கடைக்காரரை இடம் காட்ட அழைத்து வந்தார். வந்தவர் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு சார்” என்றார். பாய் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“தம்பி, பின்னால மூலையில மழைக்கு ஒழுகும். போன் வக்கிற கடைன்னா பாத்துக்க.”

ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். “யோவ் பாய்! போற நேரத்துல என் பொழப்புல ஏன்யா மண்ணப் போடற?”

“நீ சொல்லியிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?”

மொபைல் கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகப் போனார். பாயும் அவர் பின்னாலேயே, டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். போகும்போது என் கணவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். என் பக்கமும் ஒருமுறை உயர்த்தினார்.

மொபைல் கடைக்காரர் திரும்பி வரவில்லை. இடம் பூட்டியே கிடந்ததால் ஓனர் மூலையைப் பூசி, வாடகையைக் குறைத்து, எங்களையே கேட்டார். எடுத்துக்கொண்டோம். இப்போது எதிரில் இருப்பதும் எங்கள் கடைதான். அங்கே உள்ளே வரும் சிலர் என்னைப் பார்த்துவிட்டு, “பாய் இல்லையாக்கா?” என்று கேட்கிறார்கள். படப்பைக்கு வழி சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை. என் கணவர் அன்று காலையிலேயே டூல்ஸ் பையை பைக்கில் மாட்டிக்கொண்டு படப்பைக்குப் போய்விடுவார்.